முதல் ஊசிக்குப் பின் அரை மணித்தியாலம்

விடியப்புறம் ஐந்து மணிக்கு லண்டனில் மிட்சம் பக்கத்துக் கிடங்கில் குளிரறைக் கதவைத் திறந்தால் ஒரு குளிர் முகத்தில் அடிக்கும் பாருங்கள், வெளியே கொட்டும் மார்கழிப் பனி அதற்குப் பிச்சை வாங்க வேண்டும். மேரிசாந்தி கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள். கையுறையோடு குப்பியில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்க முடியாது. வெறுங்கையோடு பத்து நிமிடம் நின்றால் விரல் நுனி தன்னுடையதா என்ற சந்தேகம் வரும்.

பதினான்கு தாதிகளுக்குப் பதினான்கு நீலப் பெட்டிகள். அவற்றுக்குள் பெருவிரல் உயரக் கண்ணாடிக் குப்பிகள், குப்பியின் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள். அந்தத் தூளை நீரில் கரைத்து, வீட்டில் கிடக்கிற நோயாளியின் நாளத்தில் ஏற்ற வேண்டும். காலில் புண் வைத்து முழங்கால் வரை சிவந்தவர், முதுகெலும்புக்குள் கிருமி புகுந்தவர், இதய வால்வில் கிருமி குடியேறியவர் என்று மாத்திரைக்கு அடங்காத நோயெல்லாம் இந்தப் பெட்டிக்குத்தான் வரும். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, ஆகவே ஆஸ்பத்திரியே வீடு தேடி வருகிறது என்று கொம்பனியின் விளம்பரத் தாளில் போட்டிருக்கிறது. வாசிக்க நல்லாய்த்தான் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியை முதுகில் கட்டிக்கொண்டு 109ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறுகிறவளைக் கேட்டால் மிச்சக் கதையும் தெரியவரும்.

மேரிசாந்தி குப்பிகளை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்தாள். பெயர், பிறந்த திகதி, மருந்து, அளவு, காலாவதி. உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த லெஸ்லி, இந்த வேலையில் எல்லோருக்கும் மூத்தவர், அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மேரி, மூண்டாம் தரமும் பாக்கிறீர்?"

"பாக்கிறன் அண்ணை."

"பிழை குப்பியில இல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே."

அவள் அந்தக் குப்பியையும் பெட்டிக்குள் இறக்கினாள். கடைசியாகச் சிவப்புப் பையை எடுத்து வைத்தாள். யாருக்காவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சடைத்தால் உடனே தொடையில் ஏற்றுகிற அட்ரினலின் அதற்குள் இருக்கிறது. முன்பெல்லாம் அந்தப் பையை யோசிக்காமல் தூக்கிப் போடுவாள். இந்த மூன்று வாரமாய் அதைத் தொடுகிறபோது கை ஒருமுறை நின்றுதான் போகிறது.

முதல் வீடு ஸ்ட்ரெதமில், சுலோச்சனா அக்காவுடையது. முதுகெலும்பில் கிருமி. ஆறு வாரம் தினமும் ஊசி, இன்றைக்குப் பதினோராம் நாள். மேரிசாந்தி கையைக் கழுவினாள், தூளைக் கரைத்தாள், ஒரு துகள்கூட மிஞ்சாமல் தெளியும்வரை பார்த்தாள், அக்காவின் கையில் பொருத்தியிருந்த குழாயின் வாயைத் துடைத்துக் காயவிட்டாள், பிறகு மெல்ல மெல்ல ஏற்றினாள். அடுப்படியில் தேத்தண்ணிக் கேத்தில் கொதித்து 'டக்' என்று நின்றது. நிமிர்ந்தாள்.

மூலைக் கதிரையில் செபமாலைமுத்து இருந்தார், அவள் கண்ணுக்கு மட்டும். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, ஒரு காலில் மட்டும் சப்பாத்து, மற்றக் காலில் வெள்ளைக் கட்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஏதாவது ஒரு கதிரை காலியாய் இருக்கும். அவருக்கு அது போதும். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், சும்மா இருப்பார்.

"ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கோவன் மேரி," என்றாள் சுலோச்சனா அக்கா.

"வேண்டாம் அக்கா. நான் இப்ப தேத்தண்ணி குடிக்கிறேல்ல."

கையில் போன் அதிர்ந்தது. கொம்பனியின் செயலியில் பச்சையாய் இருந்த நேரக் கட்டம் மஞ்சளாகியிருந்தது. இன்னும் மூன்று நிமிடத்தில் சிவப்பு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. ஸ்ட்ரெதமில் கவுன்சில் கட்டடம், மூன்றாம் மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. செபமாலைமுத்துவுக்கு எழுபத்தொரு வயது. சொந்த இடம் மன்னார்ப் பக்கம் பேசாலை, லண்டனில் இருபத்தெட்டு வருடம் பாண் சுடும் பேக்கரிப் போறணையில் வேலை செய்து ஓய்ந்தவர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, பாதத்தில் புண், புண்ணிலிருந்து கிருமி எலும்புக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முதலில் கொடுத்த மருந்து பிடிக்கவில்லை என்று வேறொன்றுக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆக, அது புது மருந்து, முதல் ஊசி.

முதல் ஊசிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கிடங்கில் தொங்கும் நீலப் புத்தகத்தில் வடிவாய் எழுதியிருக்கிறது. முன்னம் எந்த மருந்தாவது ஒவ்வாமல் போனதா என்று விசாரிக்க வேண்டும். ஆறுதலாய், அவசரமில்லாமல் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அரை மணித்தியாலம் நோயாளியோடு இருந்து பார்க்க வேண்டும். உடம்பு மருந்தோடு சண்டைக்கு நின்றால் அநேகமாய் அந்த அரை மணித்தியாலத்துக்குள்தான் நிற்கும். புத்தகம் சொல்வது அது. செயலி சொல்வது வேறு. ஒரு வீட்டுக்கு எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். படியேறி, கை கழுவி, பெயர் பார்த்து, கரைத்து, ஏற்றி முடிய இருபதும் முடிந்துவிடும். முன்பு ஐம்பது நிமிடம் இருந்தது. போன வருடம் ஆஸ்பத்திரியோடு கொன்ராக்ட் புதுப்பித்தபோது கொம்பனி அதை வெட்டியது. வெட்டின முப்பது நிமிடத்தோடு தாதிகளுக்கு அந்த நேரத்துச் சம்பளமும் போனது. அதற்குப் பதிலாய் 'தூரக் கண்காணிப்பு' என்று ஒன்று வந்தது. ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் நோயாளியின் போனுக்கு ஒரு செய்தி போகும், அவ்வளவுதான்.

"ஐயா, ஏதும் அலர்ஜி இருக்கோ?" என்று மேரிசாந்தி கேட்டாள்.

"அப்பிடி ஒண்டுமில்லைப் பிள்ளை."

அவள் படிவத்தில் 'இல்லை' என்ற இடத்தில் சரி போட்டாள். ஊசி ஏற்றினாள். மனைவி இசபெல் அடுப்படிக்குள் கேத்தில் போட்ட சத்தம் கேட்டது.

"இரு பிள்ளை, அவ இப்ப கொண்டந்திடுவா. தேத்தண்ணி குடியாமல் எங்கட வீட்டால ஒருத்தரும் போகக்கூடாது."

"இல்லை ஐயா, அடுத்த வீடு பாத்துக்கொண்டிருக்குது."

"அடுத்த வீடு எங்கயும் ஓடாது," என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே பையைத் தோளில் போட்டாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு கோப்பை விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. நின்றாள். ஒரு கால் அடுத்த படிக்குப் போகாமல் அப்படியே நின்றது. உடனே போன் அதிர்ந்தது, கட்டம் சிவப்பு. கோப்பைதானே, கிழவனின் கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். இறங்கிப் போய்விட்டாள்.

மத்தியானம் நோர்பரியில் நாலாவது வீட்டில் நிற்கும்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது. கோப்பை இசபெல்லின் கையிலிருந்து விழுந்தது. தேத்தண்ணியோடு வந்தவள் புருஷன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு முகம் வீங்கிக் கிடந்ததைக் கண்டிருக்கிறாள். அம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அட்ரினலின் மேரிசாந்தியின் முதுகில், சிவப்புப் பைக்குள், பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.

செத்த வீட்டில் இசபெல் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது பின்னால் நின்ற மேரிசாந்தியின் காதில் விழுந்தது. "சின்னனில ஊருல ஊசி போட்டு மேலெல்லாம் தடிச்சு, முகமும் வீங்கினதாம். மாமி சொல்லுவா, அது ஊசிச் சூடு எண்டு. இளநீர் குடுத்து ஆத்தினவையாம்." அலர்ஜி என்று கேட்டால் எங்கள் சனத்தில் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்லும். இறாலோ தூசியோ ஒத்துவராத வெள்ளைக்காரருக்கு வருவது அது. நமக்கு வருவதெல்லாம் சூடு. அவளுடைய வீட்டிலும் அப்படித்தானே? ஊசி போட்டு எப்பவாவது மேல் தடித்ததா, மூச்சு முட்டினதா என்று ஒரு வார்த்தை நம்முடைய மாதிரிக் கேட்டிருந்தால் மனிதர் சிரித்துக்கொண்டு முழுக் கதையும் சொல்லியிருப்பார். அதற்கு இரண்டு நிமிடம் வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை யார் அவளிடம் விட்டுவைத்தார்கள்?

ஆனால் கோப்பைச் சத்தத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோவிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயும் சொல்லாமல் எழும்பி வந்தாள்.

வியாழக்கிழமை முதலாளி கூப்பிட்டிருந்தார். வெம்பிளியில் நகைக்கடைக்கு மேலே கொம்பனி அலுவலகம். சண்முகராசா ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்து, அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை வைத்து, அதை விற்றுவிட்டு லண்டனுக்கு வந்தவர். தாதிகள் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பிடிக்கும்.

"இருங்கோ பிள்ளை. பயப்பிடாதேங்கோ. இதில ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்." ஒரு தாளை மேசையில் தள்ளினார். "நோயாளி நல்லாய் இருந்தார், என்ர சொந்த முடிவில வெளிக்கிட்டன் எண்டு எழுதியிருக்கு. மரண விசாரணைக்கு அனுப்பவேணும்."

"சொந்த முடிவோ அண்ணை?"

"பின்னை? நான் வந்து உங்கட கையைப் பிடிச்சு இழுத்தனானோ?"

"உங்கட போன் இழுத்தது."

"போன் சும்மா ஞாபகப்படுத்துறது. கட்டளை இல்லை. புத்தகத்தில முப்பது நிமிசம் இருந்து பாக்கவேணும் எண்டு எழுதிக் கிடக்கு. வாசிச்சுக் கையெழுத்தும் வைச்சனியள்."

"போன மாதம் றூபினி புத்தகத்தைப் பாத்து முப்பது நிமிசம் இருந்தவள். அடுத்த கிழமை அவளுக்கு எத்தினை ஷிப்ட் குடுத்தனியள்?"

சண்முகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்கோ, நானும் ஜெர்மனியில, டோட்முண்டில ஒரு நாளைக்குப் பதினாறு மணித்தியாலம் கோப்பை கழுவினவன். ஆரும் எனக்குப் பக்கத்தில இருந்து பாக்கேல்ல."

"கோப்பைக்கு மூச்சு முட்டாது அண்ணை."

சொல்லிவிட்டாளே தவிர அந்தச் சொல் அவளையே திருப்பிக் குத்தியது. கோப்பை. அவர் குரலைத் தாழ்த்தினார். "கையெழுத்து வைச்சா கொம்பனி உங்களைக் கைவிடாது. வைக்காட்டி உங்கட நேர்ஸ் பதிவு பறிபோனா அதுக்கு நான் பொறுப்பில்லை. விசாரணையில கேட்டா, இவ தானாய்த்தான் வெளிக்கிட்டவ எண்டுதான் நான் சொல்லுவன்."

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். மேரிசாந்தி பேனையைக் கையில் எடுத்தாள். பயத்தில் அல்ல. அந்தத் தாளில் இருந்தது பாதி உண்மை என்று அவளுக்குப் பட்டது. போட்டுவிட்டால் பழி முழுக்கத் தன் தலையில் விழும், தண்டனை கிடைக்கும். தண்டனை கிடைத்தால் அந்தச் சத்தம் ஒருவேளை நின்றுவிடும். கதிரையில் இருக்கிற மனுசனும் எழும்பிப் போய்விடுவார். எவ்வளவு ஆசையாய் இருந்தது தெரியுமா!

பேனை தாளில் முட்டும்போதுதான் கேட்டாள். "அண்ணை, திங்கக்கிழமை எனக்கு நோர்பரியில ஒரு முதல் ஊசி இருக்கு. அதுக்கு எத்தினை நிமிசம்?"

"இருபதுதான். கொன்ராக்ட் அப்பிடி. ஏன்?"

அவள் பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

"திங்கள் பின்னேரம் வரைக்கும் தாறன்," என்றார் சண்முகராசா. "நல்லாய் யோசியுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்த பிறகு மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தை லெஸ்லி கேட்டு வாங்கியிருந்தார். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தமிழர் ஏழு, மற்றவர்கள் கானாக்காரிகளும் பிலிப்பினோக்காரிகளும். லெஸ்லி யூனியன் படிவங்களை ஒரு பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் விளங்க தமிழையும் இங்கிலீஷையும் கலந்து பேசினார்.

"நாங்கள் வேலையை நிப்பாட்டப் போறேல்ல. ஊசி நிண்டால் சனம் சாகும். நாங்கள் வேலையைச் செய்யப்போறம். புத்தகத்தில எப்பிடி இருக்கோ அப்பிடியே. முதல் ஊசியெண்டா அரை மணித்தியாலம் அந்த வீட்டில இருக்கிறது. போன் சிவப்பாகட்டும், நீலமாகட்டும்."

"நான் இருந்தன். என்ன நடந்தது? ஷிப்ட் போச்சு," என்றாள் றூபினி. லண்டனில் வளர்ந்தவள், எதையும் முகத்துக்கு நேரே கேட்பாள். "One person இருந்தா அப்பிடித்தான் செய்வினம். எல்லாரும் இருந்தா?"

மாதங்கி கதவோரம் நின்றாள். திருநெல்வேலிப் பெண், வந்து எட்டு மாதம். "உங்களுக்கு ஷிப்ட்தான் போகும் அக்கா. எனக்கு வீசாவே அவங்க கையில இருக்கு. ஒரு மெயில் அடிச்சா ஊருக்குப் போக வேண்டியதுதான். என்னால முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க."

யாரும் தப்பாய் நினைக்கவில்லை. ஆனால் மண்டபம் கொஞ்சம் சுருங்கிப் போனது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கறுப்புச் சேலையில் இசபெல் நின்றாள். பூசையில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். நேரே வந்து முன் கதிரையில் இருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அவற்ற போன். அம்புலன்ஸ்காரர் அவற்ற நெஞ்சை அமத்திக்கொண்டு இருக்கேக்க இது அடிச்சது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பிறகு பேத்தி வாசிச்சுச் சொன்னவள். 'எப்படி இருக்கிறீர்கள்? நலம் என்றால் ஒன்றை அழுத்துங்கள்' எண்டு. அடுத்த நாளும் வந்தது. அடக்கம் பண்ணின அண்டைக்கும் வந்தது. பதினாலு நாள் ஊசி எழுதியிருந்தது, பதினாலு நாளும் வந்தது. நான் சார்ஜ் போட்டு வைச்சிருந்தன். என்னத்துக்கு எண்டு கேளாதேங்கோ. அவரைப் பற்றி விசாரிக்கிறது அது மட்டும்தான்."

மேரிசாந்தி எழுந்து நின்றாள். இசபெல்லுக்குப் பின்னால் இருந்த காலிக் கதிரையில் அந்தச் சாம்பல் கம்பளிச் சட்டை தெரிந்தது.

"அன்ரி, ஒண்டு சொல்லவேணும். நான் இறங்கேக்க கோப்பை உடைஞ்ச சத்தம் கேட்டது. கேட்டு நிண்டனான். பிறகு இறங்கிப் போயிட்டன்."

அவ்வளவுதான் சொன்னாள். இசபெல் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"நீ திரும்பி வந்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரோ?"

"தெரியாது அன்ரி. பிழைச்சிருக்கலாம். மருந்து என்ர பையில இருந்தது."

லெஸ்லி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இசபெல் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல நான் இஞ்ச வரேல்ல. எனக்கு இன்னும் அது வரேல்ல, வருமோ எண்டும் தெரியாது. ஆனா நான் ஒரு விசயம் யோசிச்சுப் பாத்தனான். அவற்ற புண்ணுக்கு மருந்து கட்ட எங்கட வீட்டுக்கு ஒரு வருசமாய் நேர்ஸ்மார் வந்தவை. எத்தினை பேர் அண்டைக்கு நீ ஓடின மாதிரி ஓடினவை? எல்லாரும்தான். கேத்தில் கொதிக்கிற நேரம்கூட ஒருத்தரும் இருந்ததில்லை. நான் நினைச்சன், எங்கட வீட்டில இருக்க இவையளுக்கு விருப்பமில்லை எண்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "அந்த அரை மணித்தியாலம் அவருக்குச் சொந்தமானது. ஆரோ எடுத்திட்டினம். அவருக்கு இனி வேண்டாம். மற்றச் சனத்துக்குத் திருப்பி வாங்கிக் குடுங்கோ. நீ, பிள்ளை, இனிமேல் இரு. அதைத்தான் கேக்க வந்தனான்."

மேரிசாந்தி அழுதாள். ஒளிக்காமல், எல்லோருக்கும் முன்னால், மூக்கு ஒழுக அழுதாள். றூபினி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே இரண்டு தாள் எழுதினார்கள். ஒன்று மேரிசாந்தியின் வாக்குமூலம். அதில் இருபது நிமிடமும் இருந்தது, சூடு என்று சொன்னதும் இருந்தது, கோப்பைச் சத்தமும் இருந்தது. அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம், விசாரணையில் பிடித்துக்கொள்வார்கள் என்று ஒருத்தி சொன்னாள். மேரிசாந்தி கேட்கவில்லை. தன் பங்கை விட்டுவிட்டு எழுதினால் மிச்சத்தையும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றாள். மற்றத் தாள் எல்லோருக்கும் பொது. 'எங்கள் எல்லோருக்கும் இருபது நிமிடம்தான் தரப்பட்டது. அவள் இடத்தில் யார் நின்றிருந்தாலும் இறங்கித்தான் போயிருப்போம். நாளை முதல் இறங்கமாட்டோம்.' அதன் கீழே பதினொரு கையெழுத்து விழுந்தது. மாதங்கி பேனையை வாங்கினாள், பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

திங்கள் விடிய ஐந்து மணி. அதே குளிரறை, அதே விறைத்த விரல். திங்கள் என்றால் புது நோயாளிகள் சேர்கிற நாள், எல்லோருடைய பட்டியலிலும் ஒரு முதல் ஊசி இருந்தது. மாதங்கி தன் பெட்டியை எடுத்துக்கொண்டு தலை நிமிராமல் போனாள். லெஸ்லி நீலப் புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்.

நோர்பரியில் முதல் ஊசிக்காரன் சுபாஸ்கரன். பஸ் ஓட்டுகிறவன், முப்பத்தெட்டு வயது. காலில் ஒரு சின்னக் காயம் சீழ் பிடித்து முழங்கால் வரை கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி ஜெயகௌரி கதவைத் திறந்தாள். மேரிசாந்தி பையை இறக்கி வைத்துவிட்டு முதலில் கதிரையில் இருந்தாள்.

"தம்பி, முன்னம் எப்பவாவது ஊசி போட்டோ குளிசை, மாத்திரை குடிச்சோ மேல் தடிச்சிருக்கோ? முகம், உதடு வீங்கினதோ? மூச்சு இழுத்ததோ? சூடு எண்டு வீட்டில சொல்லியிருப்பினம், அதையும் சொல்லுங்கோ."

"சூடோ அக்கா? இல்லை." யோசித்தான். "அப்பிடி ஒண்டும் ஞாபகமில்லை."

"அம்மாவிட்டக் கேட்டுச் சொல்ல ஏலுமோ?"

ஜெயகௌரி வவுனியாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள். மாமியார் திரையில் வந்து, மகனுக்கு அப்படி ஒன்றும் வந்ததில்லை, அவனுக்கு வாய்க்கொழுப்பு மட்டும்தான் உண்டு என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். போனில் கட்டம் மஞ்சளானது.

மேரிசாந்தி கையைக் கழுவினாள். கரைத்தாள். தெளியும்வரை பார்த்தாள். ஆறுதலாய் ஏற்றினாள். குழாயைக் கழுவி மூடினாள், ஊசியை மஞ்சள் வாளிக்குள் போட்டாள். சிவப்புப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மணியைப் பார்த்தாள். ஆறு ஐம்பது. ஏழு இருபது வரை.

"அக்கா, போகேல்லையோ? உங்கட போன் சிவப்பாய்க் கிடக்கு," என்றான் சுபாஸ்கரன்.

"கிடக்கட்டும். மேல் கடிச்சு அரிச்சாலோ, தொண்டை இறுகினாலோ உடனே சொல்லவேணும். நான் போன பிறகு வந்தாலும் பாத்துக்கொண்டு இருக்காமல் 999 அடிக்கவேணும். அதோட, நாளைக்குக் கால் நல்லாய்க் கிடக்கு எண்டு ஊசியை விட்டிடக் கூடாது. முழுக்கப் போட்டு முடிக்கவேணும்."

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சண்முகராசா அழைத்தார்.

"என்ன பிள்ளை, இன்னும் நோர்பரியிலயோ? போன் கெட்டுப்போச்சோ?"

"இல்லை அண்ணை. முதல் ஊசி. இருக்கிறன்."

"லெஸ்லியும் அசையேல்ல. றூபினியும் அசையேல்ல. என்ன, எல்லாரும் சேர்ந்து விளையாடுறியளோ? நாளைக்கு உங்கட பேர் லிஸ்டில இருக்காது. விளங்குதே?"

"விளங்குது அண்ணை. அந்தத் தாளிலயும் கையெழுத்து இருக்காது. நான் எழுதினது வேற ஒண்டு இருக்கு, நேர விசாரணைக்குப் போகுது."

மறுபக்கம் இணைப்பு அறுந்தது. நாளைக்கு வேலை இல்லை என்பது நிச்சயம். பதிவு என்னவாகும் என்று தெரியாது. விசாரணையில் அந்தக் கோப்பையை வைத்துக் கேட்பார்கள், கேட்கட்டும்.

எதிரே ஜன்னலோரக் கதிரையில் செபமாலைமுத்து இருந்தார். போகவில்லை. போவார் என்று அவள் இனி எதிர்பார்க்கவுமில்லை. இரண்டு பேருமாய்ச் சுபாஸ்கரனின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு ஏறியது, இறங்கியது. முகத்தில் தடிப்பில்லை. அடுப்படியில் கேத்தில் 'டக்' என்று நின்றது.

"தேத்தண்ணி குடிப்பியளோ அக்கா?" என்று ஜெயகௌரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நேர்ஸ்மாருக்கு நேரமிருக்காது எண்டு..."

"தாங்கோ," என்றாள் மேரிசாந்தி. "சீனி கொஞ்சம் கூடப் போடுங்கோ."

கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். விறைத்த விரல்களில் சூடு ஏறியது. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் வாய்.

போன் அதிர்ந்தது. இந்த முறை கொம்பனி இல்லை, வாட்ஸ்அப் குழு. டூட்டிங்கிலிருந்து லெஸ்லி: 'இருக்கிறன்.' ஸ்ட்ரெதமிலிருந்து றூபினி: 'நானும். இருபது நிமிசம் தாண்டியாச்சு.' கானாக்காரி ஒருத்தி தான் உட்கார்ந்திருக்கும் சோபாவின் படத்தை அனுப்பியிருந்தாள். ஒன்றுக்குப் பின் ஒன்றாய் ஏழு, எட்டு, ஒன்பது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. மேரிசாந்தி சுபாஸ்கரனின் நாடியைப் பிடித்து எண்ணினாள். சரியாய் இருந்தது. திரும்பிப் பார்க்கும்போது மாதங்கியின் செய்தி வந்திருந்தது.

'உக்காந்துட்டேன் அக்கா. என்ன வேணா ஆகட்டும். இந்த வீட்ல காபிதான் இருக்காம், பரவால்லையா?'

மேரிசாந்தி சிரித்தாள். கண் கலங்கியது. கோப்பையைக் கீழே வைக்காமல் மணியைப் பார்த்தாள். இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.